எனிட்டின் பாம்புப் பெட்டியில் ஒரு குளிர்ந்த மூலை

எனிட் வார்டிலைப் பற்றி எழுதச் சொன்னால் எங்கள் தெருவில் ஆளுக்கொரு கதை எழுதுவார்கள். அவள் பாம்பு வளர்த்ததைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அது தப்பில்லை. ஆனால் அந்தப் பாம்புப் பெட்டிக்குள் ஆறு வாரம் கையை விட்டுக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே நான் எழுதுவதுதான் சரியாக இருக்கும்.

என் பெயர் வில்ஃப் சக்டன். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை. வீடுகளுக்குச் சூடேற்றும் பாய்லர் மாட்டுகிறவன் ஒருவனுக்குப் பை தூக்கினேன். இருபத்தாறு வயதில் சொந்த வண்டி, வண்டியின் இரண்டு பக்கமும் என் பெயர். எங்கள் ஊரான மெக்ஸ்பரோவில் நிலக்கரி அடுப்பைப் பெயர்த்துவிட்டு, வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மாட்டிய வீடுகளில் பாதி என் கை பட்டவை. ஐம்பத்திரண்டு வருஷம் இந்த வேலைதான். நான் முடித்துக் கொடுத்த வீட்டில் ஒரு அறை சூடாகவும் ஒரு அறை சில்லென்றும் இருந்ததாக எவனும் சொன்னதில்லை. யாராவது சொல்லட்டும், எழுபத்தாறு வயதிலும் பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பேன்.

எனிட் எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர். அவள் தும்மினால் நான் இந்தப் பக்கமிருந்து நூறு என்பேன். முப்பத்தொரு வருஷம் பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். அங்கே உலை இருக்கும் பக்கத்துக்குச் சூட்டு முனை என்று பேர். பாட்டில்கள் மெதுவாக ஆறி வந்து சேரும் பக்கம் குளிர் முனை. ஆண்கள் அந்த முனை, பெண்கள் இந்த முனை. எனிட் குளிர் முனையில் விளக்குக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். பாட்டில்கள் வரிசையாக ஓடும். தலைமுடி அளவு விரிசல் தெரிந்தாலும் தட்டிவிட வேண்டும். அவள் கண்ணை ஏமாற்றிவிட்டு ஒரு பாட்டில் வெளியே போனதில்லை என்பார்கள். எனக்கு அது பின்னால்தான் உறைத்தது.

கட்டிய மனுஷன் ராய், காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற வண்டி வீடு, காரவான், ஒன்றை விலை பேசிவிட்டு வருகிறேன் என்று போனான். காரவானின் சொந்தக்காரியோடு தங்கிவிட்டான். எனிட் அவன் சட்டைகளை மூட்டை கட்டி அந்தக் காரவானின் படியில் வைத்துவிட்டு, மதிய ஷிஃப்டுக்குச் சரியான நேரத்தில் போய் உட்கார்ந்தாள். அழுதாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சுவர் வழியாக ஒன்றும் கேட்கவில்லை.

பாம்பு வந்த விதமும் அப்படித்தான். கூட வேலை பார்த்த மொரீன் என்பவள் ஸ்பெயினுக்குப் போகும்போது, "ரெண்டே ரெண்டு வாரம் பாத்துக்கோ எனிட்" என்று பெட்டியோடு கொண்டுவந்து இறக்கினாள். அது நடந்து பத்தொன்பது வருஷம். மொரீன் அங்கேயே கடை போட்டுவிட்டாள். மலைப்பாம்பு வகைதான், ஆனால் நாலடிக்கு மேல் வளராது. பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும். நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் சாப்பாட்டுக்கு மட்டும் தலை காட்டுவதால் எனிட் அதற்கு மேயர் என்று பெயர் வைத்தாள். மாதா மாதம் முதல் தேதி சமையலறைத் தராசில் ஒரு காய்கறி வடிகட்டியை வைத்து, அதில் மேயரைச் சுருட்டி உட்காரவைத்து, எடையை ஒரு நோட்டில் எழுதுவாள். பத்தொன்பது வருஷ எடை அந்த நோட்டில் இருக்கிறது.

இதற்கிடையில் அவள் இடுப்பெலும்பு தேய்ந்து போயிற்று. படி ஏறும்போது அவள் பல்லைக் கடிப்பது எனக்கு இந்தப் பக்கம் கேட்கும். இடுப்பு மாற்றும் ஆபரேஷனுக்கு இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். இரண்டு முறையும் வேண்டாம் என்றுவிட்டாள். பிரிட்லிங்டனில் இருக்கும் தங்கை வீட்டில்தான் ஆறு வாரம் படுத்திருக்க வேண்டும். தங்கைக்கோ புழுவைக் கண்டாலே மயக்கம் வரும். மூன்றாவது தேதி வந்தபோது நான் பொறுக்க முடியாமல் போய்க் கதவைத் தட்டினேன்.

"நான் பாத்துக்கிறேன். சூடுதானே வேணும் அதுக்கு? சூட்டப் பத்தி எனக்கே சொல்லித் தரப்போறியா?"

"அதான் பயமா இருக்கு" என்றாள்.

"ஒரு மரப்பெட்டி, எனிட். நான் இந்த ஊரு நீச்சல் குளத்தையே சூடாக்கினவன்."

"குளத்துல எறங்கினவங்களுக்கு ஏறி வெளிய வரத் தெரியும், வில்ஃப்."

இதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

கடைசியில் ஒப்புக்கொண்டாள். ஆனால் ஒரு நிபந்தனை. "அது சாப்பிடுறத நிறுத்திட்டா ஒடனே சொல்லணும். தையல் பிரிஞ்சாலும் பரவாயில்ல, நான் வந்துருவேன்." சொன்னால் செய்கிறவள். குனியக் கூடாது, காரில் உட்காரக் கூடாது என்று டாக்டர் ஆறு வாரம் கெடு வைத்திருந்தார். ஆகவே மேயர் பட்டினி கிடந்தால் எனிட்டின் புது இடுப்பும் போயிற்று. அது எனக்கு நன்றாகவே விளங்கியது.

நவம்பர் கடைசியில் அவள் கிளம்பினாள். பெட்டியின் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். இடப்பக்கம் 32. வலப்பக்கம் 25. எலி உறைபெட்டியில், இரண்டு வாரத்துக்கு ஒன்று, வெந்நீரில் இளக வை. தண்ணீர் தினமும் மாற்று. அவ்வளவுதான்.

ஐம்பத்திரண்டு வருஷம் என் கைக்கு இந்த மாதிரிச் சீட்டுகள்தான் வந்திருக்கின்றன. முன்னறை சூடு, பின்னறை குளிர். மாடியில் இருபது, கீழே பதினான்கு. வீட்டுக்காரர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு மேஜை மேல் எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். நான் போய்ச் சரி செய்வேன். என் கண்ணுக்கு எனிட்டின் சீட்டும் ஒரு புகார்ச் சீட்டுதான். இடப்பக்கம் நன்றாக இருக்கிறது, வலப்பக்கம் ஏழு டிகிரி குறைகிறது, பாவம் பத்தொன்பது வருஷமாக வாய் திறந்து கேட்காமல் இருந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

பெட்டியைப் பார்த்தேன். நாலடி நீளம், முன்னால் நகரும் கண்ணாடி. இடது மேல்மூலையில் வலைக் கூண்டுக்குள் ஒரு பீங்கான் ஹீட்டர், சூட்டை ஒரே அளவில் நிறுத்த அதற்கு ஒரு தெர்மோஸ்டாட். பாம்பு ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் கவிழ்த்துவைத்த பூச்சட்டிகள். இடது சட்டியில் சிவப்பு நகப்பூச்சால் சூட்டு முனை என்றும், வலது சட்டியில் குளிர் முனை என்றும் எழுதியிருந்தாள். தொழிற்சாலை ஞாபகத்தில் கிறுக்கிய வேடிக்கை என்று சிரித்தேன். ஒரு முனையில் மட்டும் ஹீட்டர் வைத்தால் மறு முனை ஆறத்தானே செய்யும்? பயிற்சிக்கு வந்த பயல்கூட இப்படிச் செய்ய மாட்டான்.

மறுநாள் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு போனேன். வலது மூலையில் இரண்டாவது ஹீட்டர், அதற்கும் வலைக் கூண்டு. பின்பலகைக்கும் பக்கவாட்டுக்கும், சூடு வெளியேறாமல் தடுக்க, வெள்ளித்தாள் ஒட்டிய பலகை. குளிர்காற்று வந்த துளைகளில் பாதியை அடைத்தேன். மூன்று தெர்மாமீட்டர் வைத்தேன், இடது, நடு, வலது. மாலை நாலு மணிக்கு மூன்றும் முப்பத்திரண்டு காட்டின. அரை டிகிரி வித்தியாசம் இல்லை. அந்த வேலையைப் படம் பிடித்து வைக்கலாம். இன்றைக்கும் சொல்கிறேன், வேலை சுத்தமான வேலை.

அடுத்த நாள் மேயர் இடது சட்டியிலிருந்து வலது சட்டிக்குப் போனார். அங்கிருந்து இடதுக்கு வந்தார். மறுபடி வலதுக்கு. சந்தையில் பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி நடந்துகொண்டே இருந்தார். புது இடம் என்று நினைக்கிறார் போல, பழகிவிடும் என்று விட்டேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு கிடந்தார், தலை மட்டும் விளிம்பில்.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து யோசித்தேன். மனுஷன் எப்போது வெந்நீர்த் தொட்டியில் இறங்குவான்? குளிரும்போது. அந்தத் தண்ணீர் முப்பது டிகிரி இருந்தது. ஆகவே இவருக்குக் குளிர்கிறது. இரண்டு தெர்மோஸ்டாட்டையும் முப்பத்துமூன்றுக்கு ஏற்றினேன்.

மேயர் தொட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. வந்தபோதெல்லாம் கண்ணாடியின் இடுக்கில் மூக்கை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மூக்கின் நுனி சிவந்துபோனது. எலியை இளக வைத்து இடுக்கியில் பிடித்து முகத்துக்கு நேரே ஆட்டினேன். என்னைப் பார்த்தார். எலியைப் பார்த்தார். திரும்பிக்கொண்டார். வேலைக்காரி கொண்டுவந்த ஆறிய டீயைத் தள்ளிவிடுகிற மாதிரி.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தெர்மாமீட்டர் பொய் சொல்கிறதோ என்று இன்னும் இரண்டு வாங்கினேன். ஐந்தும் முப்பத்துமூன்று. டான்காஸ்டர் ரோட்டில் இருக்கிற பிராணிக் கடைக்காரனைக் கேட்டேன். "குளிர்காலத்துல ஆம்பளப் பாம்பு மாசக்கணக்கா சாப்பிடாது தாத்தா, கண்டுக்காதீங்க" என்றான். மனசு லேசாகி வீட்டுக்கு வந்து எனிட்டின் நோட்டைப் புரட்டினேன். பத்தொன்பது குளிர்காலத்தில் இரண்டில்தான் மேயர் பட்டினி இருந்திருக்கிறார். அந்த இரண்டிலும் தண்ணீர்த் தொட்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைக்காரன் சொன்னது சரியா, நோட்டு சொல்வது சரியா? இரண்டும் சரியென்றால் தப்பு எங்கே இருக்கிறது?

ஞாயிறு தோறும் மதியம் இரண்டு மணிக்கு எனிட் போன் செய்வாள்.

"மேயர் சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார்" என்றேன். அப்படித்தான் முதல் பொய் ஆரம்பித்தது.

"எந்தப் பக்கம் படுத்திருக்கார்?"

இது என்ன கேள்வி? படுக்கிறவர் எங்கே படுத்தால் என்ன? "இடப்பக்கம்" என்று சொல்லிவைத்தேன்.

"எந்நேரமும் இடப்பக்கமேவா?"

"வலப்பக்கமும் போவார்."

"எப்போ?"

"எனிட், நான் என்ன அவர் பின்னாடியே டைரி எழுதிட்டா இருக்கேன்? உன் இடுப்ப நீ பாரு."

"சரி வில்ஃப்" என்றாள். அவள் சரி என்று சொன்னால் எங்கோ சரியில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது எலியும் வீண். மூன்றாவதும் வீண். போனில் மூன்றும் தின்றாயிற்று. ஐந்து வாரம் ஆனது. மேயரைத் தொட்டுப் பார்த்தேன். தோல் மடிப்பு மடிப்பாகக் கையில் வந்தது. அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. என் கை பட்ட எந்த வீட்டிலும் யாரும் சாகக் கிடந்ததில்லை.

பாம்பு வளர்ப்பவர்களின் கூட்டம் ஒன்று மாதத்தில் ஒரு செவ்வாய் மாலை தொழிலாளர் கிளப்பின் மாடியில் நடக்கும். அந்த மாடி ரேடியேட்டர்களும் நான் மாட்டியவைதான். எனிட் எப்போதாவது போவாள். நான் கீழே பியர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அந்தச் செவ்வாய் மாடி ஏறினேன். பத்துப் பன்னிரண்டு பேர். பஸ் ஓட்டுகிற லொரேன் சீருடையோடு உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். அவள் கழுத்தில் மப்ளர் என்று நான் நினைத்தது நகர்ந்தது. அவளிடம் ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன். போனில் சொன்ன பொய்களை மட்டும் சொல்லவில்லை.

"சூடு எவ்வளவு கண்ணு?" என்றாள்.

"முப்பத்துமூணு. எங்க அளந்தாலும் முப்பத்துமூணு. நாலடிப் பெட்டில ஒரு புள்ளி மாறாது."

"என்னமோ கப்பு ஜெயிச்ச மாதிரி சொல்றியே."

"அந்த மாதிரி வேலைதான் அது."

"சரி, குளிர் முனை எங்க?"

"குளிர் முனையே கெடையாது. நான் விட்டு வைக்க மாட்டேன்."

ஒருவன் பியர் கிளாஸைக் கீழே வைத்தான். லொரேன் சிப்ஸ் பொட்டலத்தை மடித்தாள்.

"கண்ணு, உனக்கு உடம்புக்குள்ளயே ஒரு பாய்லர் இருக்கு. அதுக்கு இல்ல. சூடு வேணும்னா சூட்டுப் பக்கம் நகரும், போதும்னா குளிர் பக்கம் நகரும். அதுதான் அதோட தெர்மோஸ்டாட்டு. நீ நகர எடமே வைக்கலியே."

"ஒரே சீரா நல்ல சூடு இருந்தா எதுக்கு நகரணும்?"

"உனக்கு வேர்த்தா என்ன பண்ணுவ?"

"கோட்டக் கழட்டுவேன்."

"அது எதக் கழட்டும்?"

பக்கத்தில் ஒரு பெரியவர், "தண்ணித் தொட்டில எறங்கும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

நான் ரேடியேட்டரைப் பார்த்தபடி நின்றேன். முப்பத்திரண்டும் இருபத்தைந்தும். பழுது என்று நான் நினைத்ததுதான் ஏற்பாடு. எனிட் புகார் எழுதவில்லை, அளவு எழுதியிருக்கிறாள். அது புரிந்தது. ஆனால் ஒரே பெட்டிக்கு இரண்டு சரியான அளவு எப்படி இருக்கும் என்பது மட்டும் மண்டைக்குள் போகவில்லை. வீடு திரும்பும் வழியில் என் தெருவைக் கவனிக்காமல் ஒரு வளைவு தாண்டிப் போய்விட்டேன், நாற்பது வருஷமாகக் குடியிருக்கிற தெரு.

மறுநாள் காலை எல்லாவற்றையும் பெயர்த்தேன். வலது ஹீட்டர், வெள்ளித்தாள் பலகை, துளைகளில் அடைத்த பஞ்சு, எல்லாம். என் கையால் செய்த வேலையை என் கையாலேயே கெடுத்தது அதுதான் முதல் தடவை. மதியத்துக்குள் வலப்பக்கம் இருபத்தைந்துக்கு இறங்கியது. மேயர் தொட்டியிலிருந்து எழுந்தார். நேரே வலது சட்டிக்குள் போனார். இரண்டு நாள் வெளியே வரவில்லை. குளிரில் விறைத்துவிட்டாரோ என்று சட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நாக்கை நீட்டிக் காட்டினார். மூன்றாம் நாள் இடது சட்டியில் இருந்தார். பிறகு பார்த்தால் வலது. அவருக்கு என்னதான் வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை. எலியை மட்டும் தொடவில்லை.

ஐந்தாம் நாள், ஆறு வாரக் கெடு முடிந்து, எனிட் வந்துவிட்டாள். தங்கை வீட்டுக்காரர் காரில் கொண்டுவந்து விட்டார். ஊன்றுகோலோடு உள்ளே வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "தராச எடு" என்றாள். நான் வடிகட்டியை வைத்தேன், அவள் மேயரைச் சுருட்டி வைத்தாள். நோட்டில் கடைசியாக எழுதியிருந்தது ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிராம். தராசு ஆயிரத்து ஐந்நூற்றுப் பதினைந்தில் நின்றது.

அவள் தராசைப் பார்த்தாள். மேயரின் மூக்கைப் பார்த்தாள். பலகையில் நான் திருகு போட்ட துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விளக்குக்கு எதிரே பாட்டில் ஓடுகிற மாதிரிதான் இருந்தது எனக்கு.

"மூணு எலி தின்ன பாம்பு நூத்தி இருவத்தஞ்சு கிராம் கொறையுமா, வில்ஃப்?"

"தின்னல" என்றேன். "ஒண்ணுகூடத் தின்னல. நான் பெட்டி முழுக்க ஒரே சூடா வச்சுட்டேன். தப்பு என்னோடது."

இந்த வாயால் அந்த வார்த்தை வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரியவில்லை. வந்ததே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

"மொத ஞாயித்துக்கெழமயே சொல்லிருந்தா, போன்லயே ஒரு வார்த்தைல சொல்லிருப்பேன்."

"நீ கெளம்பி வந்துருவ. இடுப்பு போயிரும்னு..."

"இடுப்புக்காகவா பொய் சொன்ன?"

பாதி அதற்காகத்தான். மீதிப் பாதி எதற்காக என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவள் 1515 என்று நோட்டில் எழுதினாள். பக்கத்தில் வேறு எதுவும் எழுதவில்லை. "போயி உன் வீட்டுல டீ குடி" என்றாள்.

ஆறு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சுவர் வழியாக ஊன்றுகோல் சத்தம் மட்டும் கேட்கும். மேயர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. ஏழாம் நாள் காலை பத்து மணிக்குச் சுவரில் டம் டம் என்று கோலால் இடி. விழுந்துவிட்டாள் என்று நினைத்து, வீட்டுச் செருப்போடு பனியில் ஓடினேன். கதவு திறந்தே இருந்தது. அவள் நாற்காலியில் சுகமாக உட்கார்ந்திருந்தாள்.

"தின்னுட்டார்" என்றாள். "அதுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்க ஓடி வர்ற?"

இடது சட்டியின் வாசலில் மேயர் தெரிந்தார். வயிற்றில் ஒரு எலியின் அளவுக்கு மேடு. நான் கண்ணாடிக்கு முன்னால் குந்தினேன். மூச்சு அடங்க நேரமாயிற்று.

"இப்போ சூட்டுப் பக்கம் இருக்கார்" என்றேன்.

"செரிக்கணும்ல. அப்புறம் அந்தப் பக்கம் போவார்."

"எனிட், ஒரே ஒரு விஷயம் சொல்லு. இந்தப் பெட்டிக்கு எது சரியான சூடு?"

"ரெண்டும்."

"ரெண்டுல எது?"

"ரெண்டும்தான் வில்ஃப்."

என் முகம் எப்படி இருந்ததோ, அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் இடுப்பு வலிக்கிறது என்று திட்டிக்கொண்டே சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏப்ரல்ல இந்தப் பக்க இடுப்பும் மாத்தணுமாம்" என்றாள். "ஆறு வாரம். வேற யாரு இருக்கா? நீதான் பாத்துக்கணும். ஆனா வெறுங்கையோட வரணும். ஒரு ஸ்க்ரூட்ரைவர் கண்ணுல பட்டாலும் கோலாலதான் பேசுவேன்."

சரி என்றேன். வீட்டுக்கு வந்து, ஏப்ரல் முதல் தேதிக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று காலண்டரில் பார்த்தேன்.